ஜினைதா செரெப்ரியாகோவாவின் பென்சில் முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோவியத் ஆட்சியின் தொடக்க வருடங்களில் வரையப்பட்ட உருவப்படங்களைத் தேடினால் ஜினைதா செரெப்ரியாகோவாவின் பெயர் சீக்கிரமே கண்ணில் படும். அவரை எண்ணெய் வண்ண ஓவியராகத்தான் பலருக்கும் தெரியும். 1919 முதல் 1924 வரை பென்சில், கரி, பேஸ்டல் கொண்டு அவர் காகிதத்தில் வரைந்த முகங்களே அவருடைய பெரிய கேன்வாஸ்களைவிட உயிருள்ளவை என்பது என் கருத்து. வரையப் பழகுகிறவர்களும் கலை வரலாறு படிக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றுக்குக் கீழே பதில் இருக்கிறது.

செரெப்ரியாகோவா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1884 டிசம்பரில் நெஸ்கூச்னயே என்ற பண்ணையில் பிறந்தார். அது கார்கிவ் நகரத்துக்குப் பக்கம்; அன்று ரஷ்யப் பேரரசு, இன்று உக்ரைன். வீடு முழுக்கக் கலைஞர்கள். அப்பா யெவ்கேனி லான்செரே சிற்பி. தாத்தா நிக்கலாய் பெனுவா கட்டடக் கலைஞர். தாய்மாமன் அலெக்சாந்தர் பெனுவா ஓவியர், மேடை வடிவமைப்பாளர், 'கலை உலகம்' என்ற ரஷ்யக் கலைஞர் குழுவின் முக்கியப் புள்ளி. அண்ணன்மார் இருவரில் ஒருவர் ஓவியர், மற்றவர் கட்டடக் கலைஞர். அம்மாவுக்கும் நன்றாக வரைய வரும்.

1905இல் உறவுக்காரரான போரிஸ் செரெப்ரியாகோவை மணந்தார். அவர் ரயில்வே பொறியாளர். நான்கு குழந்தைகள். 1909இல் கண்ணாடி முன் தலைவாரும் தன்னையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அடுத்த வருடம் அது கண்காட்சிக்குப் போனதும் மாஸ்கோவின் திரெத்யாகோவ் காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஒரே படத்தில் புகழ் வந்துவிட்டது.

எண்ணெய் வண்ணத்தில் பேர் வாங்கியவர் ஏன் பென்சிலுக்கும் கரிக்கும் வந்தார்?

காசு இல்லாததால். இதைக் கலைத் தேடல் என்று சிலர் பூசி மெழுகுகிறார்கள்; நடந்தது அப்படி இல்லை.

1917 புரட்சிக்குப் பிறகு நெஸ்கூச்னயே கொள்ளை போனது, எரிந்தது. குடும்பம் கார்கிவ் நகரத்துக்கு ஓடிவந்தது. 1919 மார்ச்சில் போரிஸ் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார். அப்போது ஜினைதாவுக்கு 34 வயது. கையில் நான்கு குழந்தைகள், வயதான அம்மா. வருமானம் கிடையாது. உள்நாட்டுப் போரில் நகரம் கம்யூனிஸ்ட்டுகளின் செம்படைக்கும் அவர்களை எதிர்த்த வெண்படைக்கும் மாறி மாறிக் கைமாறிய காலம் அது. எண்ணெய் வண்ணக் குழாய்கள் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாத விலை. பென்சிலும் கரித்துண்டும்தான் கைக்கு எட்டின.

அதே வருடம் தன் பிள்ளைகள் நால்வரும் சீட்டுக்கட்டால் வீடு கட்டுவதை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். இன்று பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிற படம். நான்கு குழந்தைகளில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. எண்ணெய் வண்ணம் அவரை விட்டு முழுசாகப் போய்விடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் தினசரி வேலை காகிதத்துக்கு மாறிவிட்டது.

அப்புறம் கார்கிவ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. அகழாய்வில் கிடைத்த பொருள்களைப் பென்சிலால் அளவு பிசகாமல் வரைந்து பதிவு செய்ய வேண்டும். முகத்தைப் படிக்கும் கண்ணுக்கு இது சலிப்பான வேலை என்று தோன்றலாம். எனக்கென்னவோ அந்த ஒழுங்கு அவருடைய பிந்தைய கோடுகளில் தெரிகிறது: தேவையில்லாத ஒரு கீறலும் இருக்காது.

'பென்சில்' என்று குறித்திருக்கும் எல்லாமே நாம் பள்ளியில் பிடித்த பென்சில்தானா?

இல்லை. இணையத்தில் இவருடைய படங்களுக்குக் கீழே கண்டபடி எழுதிவைத்திருக்கிறார்கள். நான்கு வகைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

கிராஃபைட் என்பது நம்முடைய சாதாரணப் பென்சில். கோடு சாம்பல் நிறம். அழுத்தித் தேய்த்த இடம் சாய்வான வெளிச்சத்தில் மினுங்கும். கரி அடர்ந்த கறுப்பு, மினுக்கம் இல்லை, விரல் பட்டால் கலையும். ரஷ்ய அருங்காட்சியகப் பட்டியல்களில் 'இத்தாலியப் பென்சில்' என்று ஒன்று வரும். அது கிராஃபைட் அல்ல, ஒருவகைக் கறுப்புக் கல்லும் கரியும் சார்ந்த குச்சி. கிராஃபைட்டைவிடக் கறுப்பு, கரியைவிடக் கெட்டி, மினுங்காது. 'சாங்குயின்' இரும்புச் சத்துள்ள செம்மண் நிறச் சாக். முகத்தோலின் சூட்டைக் காட்ட ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துவது.

பேஸ்டலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்ணப் பொடியைச் சிறிது பசையோடு சேர்த்துக் குச்சியாக்கியது அது. செரெப்ரியாகோவாவின் 1921க்குப் பிந்தைய புகழ்பெற்ற தாள்களில் பெரும்பாலானவை பேஸ்டல், அல்லது பேஸ்டலோடு கரியும் பென்சிலும் கலந்தவை. கைப்பேசித் திரையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் ரஷ்யாவில் பென்சில் சுலபமாகக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். 1847இல் ஜான் பியேர் அலிபேர் என்ற பிரெஞ்சு வணிகர் சைபீரியாவின் சயான் மலைகளில் அருமையான கிராஃபைட்டைக் கண்டுபிடித்தார். 1856இல் அதை ஜெர்மனியின் ஃபாபர் நிறுவனத்துக்கு மட்டுமே தருவதாக ஒப்பந்தம் போட்டார். ஐரோப்பாவின் உயர்ந்த பென்சில்களில் ரஷ்ய மண்ணின் கிராஃபைட் இருந்தது. ரஷ்யர்களோ பென்சிலை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்தார்கள். உலகப் போரும் புரட்சியும் வந்ததும் அந்த வழி அடைபட்டது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அமெரிக்கத் தொழிலதிபர் அர்மாண்ட் ஹாமர் மாஸ்கோவில் ஒரு கடையில் பென்சில் விலையைக் கேட்டு அசந்துபோய், இங்கேயே தொழிற்சாலை போடலாமே என்று இறங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1925இல் அரசோடு ஒப்பந்தம், 1926இல் உற்பத்தி. ஜெர்மனியின் நியூரம்பர்க் பகுதியிலிருந்து கைதேர்ந்த ஆட்களைக் கூட்டிவந்தார். பிறகு அரசே அதை வாங்கி, அமெரிக்காவில் மரண தண்டனைக்கு ஆளான சாக்கோ, வான்செட்டி என்ற இரு தொழிலாளர்களின் பெயரைச் சூட்டியது. பல தலைமுறை சோவியத் பிள்ளைகள் எழுதியது அந்தப் பென்சிலில்தான்.

அந்தத் தொழிற்சாலை திறந்தபோது செரெப்ரியாகோவா நாட்டில் இல்லை. அதாவது அவர் ரஷ்யாவில் பென்சிலை நம்பியிருந்த வருடங்கள், பென்சிலுக்கே தட்டுப்பாடு இருந்த வருடங்கள். அவருடைய சில தாள்களில் பின்னணி வெறுமையாக விடப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். முழுக் காரணம் அதுவென்று சொல்ல மாட்டேன்.

யாரையெல்லாம் வரைந்தார்?

முதலில் தன் பிள்ளைகளை. தூங்கும்போது, படிக்கும்போது, பொம்மையோடு, சமையலறை மேசையருகில். கூலி கேட்காத மாடல்கள் அவர்கள்தான். அடுத்தது நண்பர்கள்.

1920 டிசம்பரில் குடும்பம் பெட்ரோகிராட் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) போய், தாத்தா பெனுவாவின் வீட்டில் தங்கியது. அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் அரசு வேறு குடும்பங்களையும் குடியேற்றியது. இவர்கள் வீட்டில் வந்து சேர்ந்தவர்கள் கலை, நாடக உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது ஓர் அதிர்ஷ்டம். கலை விமர்சகர் செர்கேய் எர்ன்ஸ்ட் அவர்களில் ஒருவர். அவரைச் செரெப்ரியாகோவா வரைந்தார். அவர் 1922இல் செரெப்ரியாகோவாவைப் பற்றிய முதல் தனி நூலை எழுதினார். அங்கு பழகியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செரெப்ரியாகோவா முன் உட்கார்ந்தார்கள்.

இந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் பணம் வரவில்லை. வரைந்து முடித்ததும் உட்கார்ந்தவருக்கே பரிசாகக் கொடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. இன்று அவருடைய காகித வேலைகள் பல தனியார் சேகரிப்புகளில் சிதறிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலே நடனக்காரிகளை எப்படி வரைய முடிந்தது?

மகள் தத்தியானா பாலே பள்ளியில் சேர்ந்தாள். அந்தத் தொடர்பில் அம்மாவுக்கு, முன்பு மரீன்ஸ்கி என்று அழைக்கப்பட்ட பெட்ரோகிராட் பாலே அரங்கின் ஒப்பனை அறைக்குள் போக அனுமதி கிடைத்தது. நிகழ்ச்சி நாட்களில் உள்ளே போய் உட்கார்ந்து வரைந்தார்.

ஒப்பனை அறையில் யாரும் ஓவியருக்காக நிற்க மாட்டார்கள். ஒருத்தி காலணி நாடாவைக் கட்டுகிறாள், ஒருத்தி கழுத்தில் பவுடர் போடுகிறாள், மணி அடித்ததும் எல்லாரும் மேடைக்கு ஓடுகிறார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு அங்கே வேலையே இல்லை. பென்சிலோடு சிறு நோட்டு, அவசரக் குறிப்புகள், பிறகு வீட்டில் அதே நடனக்காரிகளை அழைத்து உட்காரவைத்துப் பேஸ்டலில் முழுமையாக்குவது. இதுதான் முறை. இளம் வயதில், 1905–06இல், பாரிஸின் கிராந்த் ஷோமியேர் கலைப்பள்ளியில் உயிருள்ள மாடலை வைத்து வேகமாக வரையப் பழகியிருந்தார். அந்தப் பழக்கம் பதினாறு வருடம் கழித்து இங்கே கைகொடுத்தது.

அவர் முன் உட்கார்ந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். 1922இல் மதுக் கடவுள் பாக்கஸ் வேடத்தில் ஓர் இளைஞர்: கியோர்கி பலன்சிவாத்சே. பின்னாளில் நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்ஷின் என்ற பெயரில் அமெரிக்க பாலேயையே உருவாக்கியவர். அதே வருடம் அலெக்சாந்திரா தனீலவா, 'ஆர்மீதாவின் மண்டபம்' பாலேயின் உடையில். அந்த பாலேயின் மேடையை வடிவமைத்தது மாமா பெனுவாதான். லீதியா இவானோவாவையும் 1922இல் வரைந்தார். இரண்டு வருடத்தில், 1924 ஜூனில், படகு விபத்தில் லீதியா மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுதான். பாலன்ஷினும் தனீலவாவும் அதே கோடையில் ரஷ்யாவை விட்டுப் போனார்கள். செரெப்ரியாகோவாவும் அப்படியே. ஒரு தலைமுறை கலைந்துபோகும் முன் அதன் முகங்களைக் காகிதத்தில் பிடித்தவர் இவர். அப்படி ஒரு திட்டம் அவருக்கு இருந்திருக்காது.

எல்லாருக்கும் பெரிய கண், எல்லாரும் அழகு. இது முகஸ்துதி இல்லையா?

நியாயமான கேள்வி. ஆமாம், அவருடைய மனிதர்களுக்குக் கண் கொஞ்சம் பெரிது, பாதாம் வடிவம், நேராக நம்மையே பார்க்கும். உதட்டோரத்தில் லேசான சிரிப்பு. பத்துப் படங்களை வரிசையாக வைத்தால் அக்கா தங்கைகளோ என்று சந்தேகம் வரும். பணம் கொடுத்து வரையச் சொன்னவர்களின் படங்களில், குறிப்பாகப் பாரிஸ் காலத்தில், இது அதிகம். அவற்றில் சில எனக்கும் சலிப்பூட்டுகின்றன.

ஆனால் பென்சில் தாள்களுக்கு வந்தால் இந்தக் குறை குறைகிறது. வண்ணம் இல்லாததால் கன்னத்துச் சிவப்பும் பட்டுப் பளபளப்பும் உதவிக்கு வராது. மேல் இமையில் ஓர் அழுத்தம், மூக்கின் அடியில் ஒரு நிழல், உதடுகள் சேரும் கோடு, இவ்வளவில் ஆளைக் கொண்டுவர வேண்டும். தலைமுடியைத் தனித்தனி இழையாக வரையாமல் மொத்தமாக ஒரு பரப்பாக விடுவார். உடைக்குச் சில கோடுகள். கவனம் முழுக்க முகத்தில். அலங்காரத்துக்கு இடமில்லாத இடத்தில் அவர் உண்மைக்கு அருகில் வருகிறார்.

தன்னையே ஏன் இத்தனை தடவை வரைந்தார்?

கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டாம். அது எப்போது வேண்டுமானாலும் உட்காரும். 1909இன் சிரிக்கும் இளம்பெண்ணையும் 1920களின் தொடக்கத்தில் அவர் வரைந்த தன்னுருவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே முகம்தான். சிரிப்பு மட்டும் போய்விட்டது.

லெனினையோ மற்றத் தலைவர்களையோ வரைந்தாரா? இவரைச் சோவியத் ஓவியர் என்று சொல்லலாமா?

கமிசார்களின் (சோவியத் அரசு அதிகாரிகளின்) உருவப்படங்களை வரைந்து பிழைக்கும் வழி இருந்தும் அவர் அதில் இறங்கவில்லை. எதிர்காலவாதம், சுப்ரமாட்டிசம் என்று அன்று கொடிகட்டிப் பறந்த நவீன ஓவியப் பாணிகளுக்கும் மாறவில்லை. இது அரசியல் எதிர்ப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் போராளி இல்லை. தனக்கு வராததைச் செய்ய மறுத்த கைவினைக்காரர் என்றே நான் படிக்கிறேன்.

சோவியத் ஓவியர் என்று முத்திரை குத்துவது முழுசாகப் பொருந்தாது. 1917க்கும் 1924க்கும் நடுவில் அந்த நாட்டில் வாழ்ந்து வரைந்தவர் என்பது உண்மை. அதற்கு மேல் ரஷ்யர், உக்ரைன் மண்ணில் பிறந்தவர், பிரெஞ்சு வம்சாவளி, பாரிஸ்வாசி எல்லாமும்தான்.

அன்னா அக்மதோவாவை வரைந்தது இவர்தானா?

ஆம், 1922இல். கவிஞர் அக்மதோவாவைப் பலர் வரைந்திருக்கிறார்கள். அவருடைய வளைந்த மூக்கையும் நீண்ட கழுத்தையும் படத்தில் கொண்டுவராத ஓவியர் இல்லை. செரெப்ரியாகோவாவின் அக்மதோவா அவர்களைவிட மென்மையானவர். மூக்கின் கூர்மை மட்டுப்பட்டிருக்கிறது. மேலே சொன்ன அழகுபடுத்தும் பழக்கம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது என்பேன்.

1924இல் ஏன் போனார்? ஏன் திரும்பவில்லை?

1924 மார்ச்சில் நியூயார்க்கில் ரஷ்ய ஓவியக் கண்காட்சி நடந்தது. செரெப்ரியாகோவாவும் படங்கள் அனுப்பினார், இரண்டு விற்றன. அந்தப் பணமும் பாரிஸில் ஒரு சுவரோவிய வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சேர, ஆகஸ்டில் கிளம்பினார். கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு திரும்புவதாகத்தான் எண்ணம். குழந்தைகள் பாட்டியிடம்.

திரும்ப முடியவில்லை. வந்த வருமானத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பினார். வெறுங்கையோடு தொடங்குவது எவ்வளவு கொடுமை என்று வீட்டுக் கடிதங்களில் புலம்பியிருக்கிறார். மகன் அலெக்சாந்தர் 1925இலும் மகள் காத்யா 1928இலும் பாரிஸ் வந்து சேர்ந்தார்கள். மூத்த மகன் யெவ்கேனியும் தத்தியானாவும் ரஷ்யாவிலேயே தங்கிவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. அம்மா 1933இல் லெனின்கிராட்டில் (பெட்ரோகிராட்டின் புதுப் பெயர்) இறந்தபோது போக முடியவில்லை. கட்டடக் கலைஞரான அண்ணன் நிக்கலாய் கைதாகி 1942இல் சிறையில் இறந்தார்.

தத்தியானா அம்மாவை மறுபடி பார்த்தது 1960இல், சோவியத் தலைவர் குருஷேவ் காலத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது. இடையில் 36 வருடம். அப்போது மகள் மாஸ்கோவில் நாடக மேடை ஓவியர். 1965–66இல் மாஸ்கோ, கீவ், லெனின்கிராட் நகரங்களில் செரெப்ரியாகோவாவின் கண்காட்சி நடந்து கூட்டம் அலைமோதியது. 1967 செப்டம்பர் 19 அன்று பாரிஸில் இறந்தார்.

பாரிஸில் பென்சிலை விட்டுவிட்டாரா?

இல்லை. பிரான்ஸின் பிரித்தானி பகுதி மீனவர்கள், சந்தைகள், பேரப்பிள்ளை வயதுக் குழந்தைகள் என்று காகித வேலை நிற்கவே இல்லை. 1928இலும் 1932இலும் மொராக்கோ போனார். அங்கே மக்கள் படத்துக்கு உட்காரத் தயங்கினார்கள், உட்கார்ந்தாலும் நீண்ட நேரம் இருக்க மாட்டார்கள். கார்கிவ் வறுமையிலும் மரீன்ஸ்கி நெரிசலிலும் பழகிய கை, மராகேஷ் தெருக்களில் சில வாரங்களுக்குள் குவியல் குவியலாகப் பேஸ்டல்களைத் தந்தது.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னதாக ஒன்று. 1915–16இல் மாஸ்கோவின் கசான் ரயில் நிலையத்தை அலங்கரிக்கும் வேலைக்கு மாமா பெனுவா இவரை அழைத்தார். கிழக்கு நாடுகளைப் பெண்ணுருவங்களாகக் காட்டும் வரைவுகளைச் செய்தார்: இந்தியா, சயாம் (இன்றைய தாய்லாந்து), ஜப்பான், துருக்கி. சுவருக்கு ஏறாமலே போன வரைவுகள் அவை. இந்தியாவை அவர் பார்த்ததில்லை. அந்த 'இந்தியா' ஐரோப்பியக் கற்பனைதான். அதே நிலையத்துக்கு வேலை செய்த ரஷ்ய ஓவியர் நிக்கலாய் ரோரிக் பின்னாளில் இமயமலையின் குலு பள்ளத்தாக்கில் வந்து குடியேறினார்.

அதே காலத்தில் முகங்களை வரைந்த வேறு பெண்கள்?

யெலிசவேத்தா குருக்லிக்கோவா கறுப்புக் காகிதத்தை வெட்டியே கவிஞர்களின் பக்கத் தோற்றங்களைச் செய்தார். நீனா சிமனோவிச்-எஃபீமவாவும் நிழலுருவங்களில் கெட்டிக்காரர், கூடவே பொம்மலாட்டமும் நடத்தினார். அன்னா ஒஸ்த்ரௌமவா-லெபெதெவா மரச்செதுக்கு அச்சுக்குப் பேர்போனவர், நீர்வண்ணத்தில் உருவப்படங்களும் செய்தவர். மூவரும் செலவு குறைந்த பொருளோடு, காகிதத்தோடு வேலை செய்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

விலை எவ்வளவு போகிறது?

எண்ணெய் ஓவியங்கள் எங்கேயோ போய்விட்டன. 1923இல் தூங்கும் மகளை வரைந்த ஒரு கேன்வாஸ் 2015இல் லண்டன் ஏலத்தில் 38 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 1924இல் நியூயார்க்கில் விற்ற இரண்டு படங்களில் ஒன்று அதுதான். காகித வேலைகள் அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் போகும். அதனாலேயே போலிகளும் அதிகம். கையெழுத்தை மட்டும் நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

இவரைப் பார்த்து வரைந்து பழகலாமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக. ஆனால் பாலே பேஸ்டல்களில் தொடங்காதீர்கள்; வண்ணத்தின் கவர்ச்சியில் அமைப்பு தவறிப்போகும். குழந்தைகளின் தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2பி, 4பி பென்சில் போதும். முதலில் தலையின் சாய்வு, அப்புறம் கண்களின் அச்சு, அப்புறம்தான் இமை. அழிப்பானை ஒதுக்கி வையுங்கள். தேய்த்து மென்மையாக்கும் ஆசையையும் அடக்குங்கள்; அவருடைய நிழல்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் திசை தெரியும் கோடுகளாகவே இருக்கும், விரலால் பூசிய புகையாக அல்ல.

நேரில் பார்க்க மாஸ்கோ திரெத்யாகோவ் காட்சியகமும் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகமும் முக்கியமானவை. கார்கிவ், கீவ் அருங்காட்சியகங்களிலும் அவருடைய படைப்புகள் உண்டு. காகித வேலைகளை வெளிச்சம் கெடுத்துவிடும் என்பதால் எப்போதும் சுவரில் மாட்டி வைப்பதில்லை. போகும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள்.

படங்களை என் புத்தக அட்டையில் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்த பிறகு 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு; இவருக்கு அது 2027 முடிவு வரை. பிரான்ஸில் 70 ஆண்டு, அதாவது 2037 முடிவு வரை. பழகுவதற்குப் பார்த்து வரைவதில் தடையில்லை. அச்சிட்டு விற்பதானால் உரிமையாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.